பாஸ் ஆகிற அளவுக்கு

ஜூலை 3, திங்கள்

இப்போது நடப்பது 2023. இது 2021-ஆம் வருடத்து டைரி. காப்பீடு எடுக்கச் சொல்லி வந்த ஒருவன் கொடுத்துவிட்டுப் போனது. கிழமை ஒன்றும் சேராது, அடித்து அடித்துத்தான் எழுத வேண்டும். வேலை வெட்டி இல்லாதவனுக்கு அது ஒரு வேலை.

துவாக்குடியில் எங்கள் பட்டறையை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. கொதிகலன் குழாய்களை வெல்டிங் செய்தே இருபத்தொன்பது வருடம் ஓட்டினேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக் குறை என்று என் குழாய் திரும்பி வந்தது மொத்தமே பதினொரு தடவை. அதில் நாலு, உருக்கி ஊற்றுகிற வெல்டிங் கம்பி சரியில்லாமல் வந்தது. என் தப்பில்லை. இதை இப்போது யாரிடம் போய்ச் சொல்வது? காட்டூர் கடைத்தெருவில் பார்க்கிறவன் எல்லாம் “என்னண்ணே, சும்மாதான் இருக்கீங்களா?” என்கிறான். சும்மா இருக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது!

ஞானசேகர் என்று ஒருவர் ஓமனுக்கு ஆள் எடுக்கிறார். குழாய் வெல்டர், இரண்டு வருட விசா. வெள்ளிக்கிழமை டெஸ்ட். தலைக்கு மை வாங்கி வந்தேன். வீட்டுக்காரி அமலோற்பவம்தான் பூசிவிட்டாள். காதோரம் தோலெல்லாம் கறுப்பாகிவிட்டது. “எங்க கடை பொம்மை மாதிரியே இருக்கீங்க” என்று சிரித்தாள்.

அவள் சின்னக்கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். நிற்கிறாள் என்று எழுதினால்தான் சரி. காலை ஒன்பதரைக்கு ஏறினால் கடை சாத்துகிறவரை நிற்க வேண்டும். ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், லேபர் ஆபீசர் யாராவது வந்தால் காட்டுவதற்கு. பட்டறை மூடிய மறுமாதம் சேர்ந்தவள். வயது நாற்பத்தொன்பது. கெண்டைக்காலில் நரம்பு பச்சையாக முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. வீட்டுக்கு வந்ததும் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தரையில் படுத்துவிடுவாள். அப்படியே பேசுவாள், அப்படியே தூங்கியும் போவாள்.

நான் போய் முதல் சம்பளம் வாங்கிய அன்றைக்கே அவளைக் கடையிலிருந்து நிறுத்திவிட வேண்டும். இதற்குத்தான் போகிறேன். எனக்கென்று வேறு ஒரு ஆசையும் கிடையாது.

ஜூலை 7, வெள்ளி

டெஸ்ட் முடிந்தது. பதினாலு பேர். குழாயைச் சாய்வாகக் கட்டிவைத்துவிடுவார்கள். அதைத் திருப்பக் கூடாது, நாம்தான் சுற்றிச் சுற்றி வந்து பற்றவைக்க வேண்டும். அடிப்பக்கம் போடுகிறபோது ஏறக்குறைய படுத்துவிட வேண்டும். முட்டி கழன்றுவிடும் போல இருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினாலும் முகம் முழுக்க மூடுகிற வெல்டிங் ஹெல்மெட்டுக்குள் யாருக்குத் தெரியும்?

உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று ஒரே சீராக ஓடியிருந்தது. ஒன்றரை வருடம் தொடாத கை! பக்கத்து அறையில் இருந்த ஒரு பையன் வந்து பார்த்துவிட்டு, “யோவ், என்னய்யா இது!” என்றான். மரியாதை இல்லாத பயல். ஆனாலும் காது குளிர்ந்தது.

ஜூலை 10, திங்கள்

எக்ஸ்ரே வந்துவிட்டது. நான் பற்றவைத்த பீஸ்தான் முதல். ஞானசேகர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாஸ்போர்ட் நகல் ஓமனுக்குப் போகிறது.

ஜூலை 13, வியாழன்

அமலோற்பவம் ஒரு பெட்டி வாங்கி வந்தாள். சக்கரம் வைத்தது. ஓசூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, “உங்கப்பா ஓமன் போறாரு” என்று எல்லா வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். சட்டைகளை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். விசாவே வரவில்லை, அதற்குள் என்ன அவசரமோ!

ஜூலை 19, புதன்

வயது ஐம்பதுக்கு மேல் வேண்டாமாம்.

ஞானசேகர் வருத்தப்பட்டுத்தான் சொன்னார். “உங்க பீஸைப் பார்த்து அசந்துட்டாங்கண்ணே. பாஸ்போர்ட்ல 1969-னு பார்த்ததும் வேணாம்னுட்டாங்க. இன்சூரன்ஸ் ஒத்துக்காதாம்.” நான்கு வயது. நான்கே நான்கு வயது கூடிப்போயிற்று. தலையில் பூசின மையைப் பாஸ்போர்ட்டில் பூச முடியுமா?

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து மூன்று ஏஜென்சிக்குப் போன் போட்டேன். ஒருவன் நாற்பத்தைந்து என்றான். ஒருவன் வயதைக் கேட்டுவிட்டு வைத்தேவிட்டான். சென்னையில் ஒரு பெண், “சார், நீங்க சூப்பர்வைசருக்கு டிரை பண்ணுங்களேன்” என்றாள். அதற்கு டிப்ளமோ வேண்டும், இங்கிலீஷ் பேச வேண்டும். நான் ஐ.டி.ஐ. எனக்குத் தெரிந்த பாஷை எல்லாம் கையில்தான் இருக்கிறது.

ஜூலை 20, வியாழன்

இன்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். கறி எடுத்திருந்தாள். அங்கே இந்த மாதிரிக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று அள்ளி அள்ளி வைத்தாள். சொல்லவில்லை.

ஜூலை 31, திங்கள்

ஞானசேகர் வரச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அப்போதே எனக்கு ஏதோ வில்லங்கம் என்று பட்டது.

“அண்ணே, நேராவே சொல்றேன். வயசு இருக்குற ஆளுக்குக் கை இல்ல. கை இருக்குற உங்களுக்கு வயசு இல்ல. ரெண்டையும் சேர்த்துட்டா? ஒரு டெஸ்ட்டுக்கு இவ்வளவுன்னு உங்க கையில குடுத்துடுறேன்.”

ஓமன் கம்பெனிக்காரர்கள் இப்போதெல்லாம் நேரில் வருவதில்லை. டெஸ்ட்டை வீடியோவில் அங்கிருந்தே பார்க்கிறார்கள். போகிற ஆள் பாஸ்போர்ட்டைக் கன்னத்தோரம் பிடித்து முகத்தைக் காட்டுவான். பிறகு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பொறி தெறிக்காமல் கட்டியிருக்கிற திரைச்சீலைக்குள் போவான். அந்த நேரம் பார்த்து “சார், சிக்னல் போயிடுச்சு” என்று கட் பண்ணிவிட்டால் போதும். மறுபடி லைன் கிடைக்கும்போது ஹெல்மெட்டுக்குள் நான் இருப்பேன். கையுறை, தோல் ஜாக்கெட். உள்ளே இருப்பது மகனா அப்பனா என்று யாருக்குத் தெரியும்?

“வேற ஆளைப் பாருங்க” என்று எழுந்து வந்துவிட்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு டீயைக் கூடக் குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 2, புதன்

போனேன்.

நேற்று அமலோற்பவம் செருப்பைக் கழற்ற முடியாமல் வாசலிலேயே நின்றாள். கால் அப்படி வீங்கியிருந்தது. நான்தான் கழற்றிவிட்டேன். அதற்குமேல் எனக்கு என்ன ரோஷம் வேண்டிக்கிடக்கிறது?

பெரம்பலூர்க்காரன் ஒருவனுக்குப் போட்டேன். திரைக்குப் பின்னால் அவன் குந்த வைத்து உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் பேரில் வேர்த்துக்கொண்டிருந்தேன். பாஸ். அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எட்டி உதைக்கலாம் போல இருந்தது.

வீட்டில், விசா விஷயமாக ஆபீசில் தினமும் ஏதாவது வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். முழுப் பொய்யும் இல்லை.

ஆகஸ்ட் 9, புதன்

இந்த வாரம் மூன்று பேர். மூவரும் பாஸ். எனக்கு இப்போது முப்பத்தொரு வயது, இருபத்தெட்டு வயது, முப்பத்தாறு வயது.

ஆகஸ்ட் 14, திங்கள்

பெட்டியிலிருந்த என் சட்டைகளை எடுத்து மறுபடி பீரோவில் அடுக்கியிருக்கிறாள். “என்ன?” என்றேன். “மழைக்குப் பூஞ்சை பிடிச்சிடும்” என்றாள். மழை எங்கே பெய்தது? வெயில் மண்டையைப் பிளக்கிறது. பெண்களுக்கு ஏதாவது ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 23, புதன்

ஞானசேகரோடு சண்டை.

“அண்ணே, நல்லாப் போடாதீங்கண்ணே. பாஸ் ஆகுற அளவுக்குப் போடுங்க. எல்லாப் பீஸும் ஒரே மாதிரி கண்ணாடி மாதிரி இருந்தா சந்தேகம் வராதா? அதுவும் இல்லாம, நல்லாப் போட்டா அங்க ஸ்டீம் போற பெரிய குழாய் லைன்ல ஏத்திவிடுவாங்க. இவனுங்க போயி ஸ்டாண்டு, கைப்பிடின்னு பத்தவெச்சுக்கிட்டுக் கிடக்கணும். அவ்வளவுதான் இவனுங்களால ஆகும்.”

பாஸ் ஆகிற அளவுக்கு என்றால் எவ்வளவு? கறிக்கடையில் கேட்கிற மாதிரி அரைக்கிலோ, கால்கிலோவா? வேண்டுமென்று மட்டமாகப் போட எனக்குத் தெரியாது என்றேன். “கத்துக்குங்க” என்றார். எனக்கு இந்த வயதில் கெட்ட வேலை கற்றுக்கொடுக்க ஒரு வாத்தியார்!

இருந்தாலும் இன்று சாயங்காலம் போட்ட பீஸில் கம்பியைக் கொஞ்சம் தள்ளாட விட்டேன். பார்க்க அசிங்கமாக இருந்தது. பாஸ்தான். சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் வீட்டில் மச்சினன் இன்னாசி உட்கார்ந்திருக்கிறான். அமலோற்பவத்தின் தம்பி. லால்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் ஜன்னல் கிரில்லும் கேட்டும் பற்றவைக்கிறவன். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள். நல்லவன், வெகுளி. குழாய் வேலை சுத்தமாக வராது.

சாப்பாட்டைப் போட்டுவிட்டு, என் தட்டைப் பார்த்தபடியே அமலோற்பவம் சொன்னாள்: “ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் போட்டுக் குடுக்குறீங்களாம்ல. தம்பிக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க.”

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. இன்னாசி போன மாதம் ஞானசேகரிடம் டெஸ்ட்டுக்குப் போய்த் தோற்றிருக்கிறான். அங்கே யாரோ என்னைப் பற்றி அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் அக்காவிடம் சொல்லியிருக்கிறான். எப்போது சொன்னான் என்று கேட்டேன். ஆகஸ்ட் பத்தாம் தேதி வாக்கில் என்றான்.

“அக்கா, நான் போயிட்டா மாசாமாசம் உனக்கு அனுப்புறேன். நீ அந்தக் கடைக்கே போவேணாம்” என்றான் இன்னாசி. “மச்சான், உங்களுக்கும்தான் சொல்றேன்.”

அமலோற்பவம் என்னிடம் ஏன் மறைத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு வார்த்தை கத்தியாவது இருப்பேன். சரி என்றேன்.

செப்டம்பர் 6, புதன்

இன்னாசிக்கு டெஸ்ட்.

ஞானசேகர் மூன்று தடவை சொன்னார். “சொந்தக்காரன்னு பாசத்துல இழைச்சிடாதீங்க. சாதாரண வேலைக்குத்தான் ஆள் கேட்டிருக்காங்க. சுமாரா இருந்தாப் போதும்.” தலையை ஆட்டினேன். மனதிலும் அப்படித்தான் இருந்தது. கம்பியைத் தள்ளாட விட வேண்டும், பற்றவைக்கிற மேல் தையலை மேடு பள்ளமாக விட வேண்டும் என்று திட்டம் போட்டுக்கொண்டுதான் போனேன்.

வீடியோவில் ஓமன் பக்கம் குரியன் என்று ஒரு இன்ஜினியர், மலையாளத்துக்காரர். இன்னாசி பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினான். சிக்னல் போயிற்று. நான் உள்ளே வந்தேன். சிக்னல் வந்தது.

முதல் பொறி தட்டியதும் எல்லாம் மறந்துவிட்டது. எப்படி எழுதுவது? அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள் உலகத்தில் வேறு ஒன்றும் தெரியாது. உருகுகிற அந்தச் சின்ன வட்டம் மட்டும்தான் தெரியும். அது என்ன சொல்கிறதோ அதைக் கை செய்யும். அதன் பேச்சைக் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அமலோற்பவத்தின் தம்பி பேரில் ஒரு மட்டமான பீஸ் ஓமனுக்குப் போவதா என்றும் ஒரு எண்ணம் வந்தது. முட்டி வலித்ததா என்று இப்போது யோசித்தால் ஞாபகமில்லை. என் ஆயுசிலேயே அப்படி ஒன்று போட்டதில்லை.

குரியன் கேமராவைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். “ஞானசேகர், இதாரு? இந்த ஆளை சாதாரண வேலைக்கு எடுக்க முடியாது. பெரிய பிரஷர் லைன். முதல் கிரேடு. அவரை ஒண்ணு முகத்தைக் காட்டச் சொல்லுங்க, நான் கை கொடுக்கணும்” என்று சிரித்தார்.

ஹெல்மெட்டுக்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேர்வை என்று சாக்குச் சொல்லித் துடைக்கவும் முடியாது. “சார், லைன் கட்டாகுது” என்றார் ஞானசேகர். நான் வெளியே வந்தேன். இன்னாசி உள்ளே போய் முகத்தைக் காட்டினான். அவர் வீடியோவிலிருந்தே அவனுக்குக் கையை நீட்டினார்.

ஞானசேகர் பேனாவை மேசைமேல் தட்டிக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 8, வெள்ளி

மாதா பிறந்தநாள். கோவிலில் அமலோற்பவம் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஒன்று தம்பிக்காம். மற்றது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 5, வியாழன்

இன்னாசி இன்று பிளேன் ஏறினான். சக்கரப் பெட்டி அவனோடு போய்விட்டது. திருச்சி ஏர்போர்ட் கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டினோம். “பிரஷர் லைன்னா ரொம்பக் கஷ்டமா மச்சான்?” என்று கடைசி நேரத்தில் கேட்டான். “பழகிட்டா ஒண்ணுமில்லடா” என்றேன். பழகுவதற்கு எனக்கு எட்டு வருடம் பிடித்தது.

அக்டோபர் 24, செவ்வாய்

இன்னாசி போன் போட்டான். குழாய் லைனில்தான் விட்டிருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மூலையில் ஒதுங்கிப் பேசுகிறான். கரண்ட் எவ்வளவு வைக்க, கம்பியை எந்தச் சாய்வில் பிடிக்க என்று கேட்டான். சொன்னேன். போனில் வெல்டிங் சொல்லிக்கொடுப்பதும் போனில் நீச்சல் சொல்லிக்கொடுப்பதும் ஒன்றுதான்.

சுமாராகப் போகிறது என்றான். அப்படியானால் சரி.

நவம்பர் 8, புதன்

தீபாவளிக் கூட்டம். அமலோற்பவத்துக்கு ஒன்பது நாளாக லீவில்லை. வீட்டுக்கு வந்தால் பேச்சு இல்லை. கால் பாதத்தில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுகிறது, மேலே வர ரொம்ப நேரம் ஆகிறது.

இன்னாசி முதல் சம்பளத்தில் சொன்னபடி அனுப்பிவிட்டான். வாக்கு மாறவில்லை. நான் அவனை வெகுளி என்று எழுதியிருந்தேன்.

நவம்பர் 14, செவ்வாய்

கடையிலிருந்து நின்றுவிட்டாள்!

மேனேஜரிடம் சொல்லிவிட்டு மத்தியானமே வந்துவிட்டாள். கதவைத் திறந்தவன் பயந்துபோனேன். “என்னடி, என்ன ஆச்சு?” “ஒண்ணும் ஆகல. வந்துட்டேன்.” நாற்காலியை இழுத்துப் போட்டு வாசல்பக்கம் உட்கார்ந்தாள். இருட்டுகிறவரை எழுந்திருக்கவில்லை. காபி போட்டு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நவம்பர் 19, ஞாயிறு

உட்கார்ந்தபடியே வெங்காயம் நறுக்குகிறாள். உட்கார்ந்தபடியே பூசை கேட்டாள். உட்கார்ந்தபடியே என்னோடு சண்டை போட்டாள், மீனை நான் சரியாகக் கழுவவில்லையாம். வீக்கம் பாதி வடிந்துவிட்டது. இதைச் செய்தது இன்னாசி. சரி, யார் செய்தால் என்ன? அவனைச் செய்ய வைத்தது என் கைதானே.

நவம்பர் 27, திங்கள்

இன்னாசி போன் போட்டான். குரலில் ஒரே சந்தோஷம். “மச்சான், குரியன் சார் உங்ககிட்டப் பேசணுங்குறாரு! டெஸ்ட் பீஸை மேசைமேலயே வெச்சிருக்காரு. ‘இந்தக் கை யாருட்ட கத்துக்கிட்டே’ன்னு தன்மையா கேட்டாரு. எங்க மச்சான் இருக்காரு, திருச்சியில பெரிய கைன்னு சொன்னேன். ‘அப்படிப்பட்ட ஆளுதான் வேணும், வயசெல்லாம் பார்க்க வேணாம்’னாரு. நம்பரைக் குடுத்துட்டேன். நாளைக்குப் பேசுவாரு.”

“உன் வேலை எப்படிடா போகுது?” என்றேன். ஒரு குழாய் கசிந்துவிட்டதாம், பெரிதாக ஒன்றுமில்லையாம், கம்பெனியில் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

வயது பார்க்க வேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவரே! அமலோற்பவத்திடம் சொன்னேன். “கசிஞ்சது எந்தக் குழாயாம்?” என்று கேட்டாள். நல்லதைச் சொன்னால் அதை விட்டுவிட்டு வேறு எதையாவது பிடித்துக்கொள்வாள்.

நவம்பர் 28, செவ்வாய்

காலையிலேயே குளித்து, அயர்ன் பண்ணின சட்டை போட்டு உட்கார்ந்துவிட்டேன். பதினொன்றேகாலுக்கு வீடியோ கால் வந்தது. அமலோற்பவம் போனுக்குத் தெரியாமல் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

குரியன் மரியாதையான மனுஷன். “சேட்டா, சுகமா? நான் கோயம்புத்தூர்ல படிச்சவன், தமிழ்லயே பேசலாம்” என்றார். என் பட்டறையைப் பற்றி, எத்தனை வருடம் என்பதைப் பற்றி எல்லாம் கேட்டார். பிறகு அந்த பீஸை எடுத்துக் காட்டினார். இரண்டாக அறுத்து வைத்திருந்தார்கள். உள்பக்கத் தையல் பளபளவென்று தெரிந்தது.

“பதினேழு வருஷமா நான் இந்த வேலையில இருக்கேன் சேட்டா. இப்படி ஒண்ணு பார்த்ததில்ல. சத்தியம் சொல்லுங்க. இது நீங்க போட்டதுதானே?”

அமலோற்பவம் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பயத்தில் பிடிக்கிறாள் என்று நினைத்தேன்.

“நான்தான் சார்” என்றேன்.

அதோடு விட்டேனா? அடிப்பக்கம் வரும்போது மூச்சை எங்கே நிறுத்தினேன், கம்பியை எந்த இடத்தில் பின்வாங்கினேன் என்று எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நான் முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“இன்னாசி போட்ட குழாய் தண்ணி விட்டு பிரஷர் பார்க்கும்போதே பிளந்துபோச்சு சேட்டா. தண்ணியா இருந்ததால அதோட போச்சு. ஸ்டீமா இருந்தா பக்கத்துல நின்ன நாலு பேரும் இன்னிக்கு இல்ல. டெஸ்ட் பீஸை நிஜமா யாரு போட்டதுன்னு நான் ரிப்போர்ட் கொடுக்கணும். நீங்க சொன்னது ரெக்கார்டு ஆயிருக்கு. மன்னிக்கணும்.”

“அப்போ, வேலை சார்?” என்று கேட்டேன். கேட்டேன், ஆமாம். அப்போதும் கேட்டேன்.

“வயசு எத்தனை?”

“ஐம்பத்திநாலு.”

இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தார். அமலோற்பவம் என் கையை விட்டுவிட்டு அரிசி களையப் போனாள்.

நவம்பர் 30, வியாழன்

ஞானசேகர் ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. போன் எடுக்கவில்லை. நான் போட்டுக் கொடுத்த மற்றவர்களையும் அங்கே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு டெஸ்ட் வைக்கிறார்களாம். பெரம்பலூர்க்காரன் குழாய் பக்கம் நிற்காமல் இருந்தால் சரி. மாதாவே, அவன் எதையும் தொடாமல் இருக்க வேண்டும்.

டிசம்பர் 5, செவ்வாய்

இன்னாசி வந்துவிட்டான். இனி ஓமனுக்குள் கால் வைக்க முடியாதாம். ஏர்போர்ட்டிலிருந்து நேரே இங்கேதான் வந்தான், பெண்டாட்டி முகத்தில் முழிக்கப் பயந்து. திட்டுவான் என்று பார்த்தேன். “நான்தான் மச்சான் உங்க நம்பரைக் குடுத்தேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்” என்று அழுகிறான். லால்குடிப் பட்டறையில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான்.

அவன் அழும்போது நான் ஜன்னல் கிரில்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக் கிரில் அவன் போட்டதுதான். நேர்த்தியாகத்தான் இருக்கிறது. சுமாராக ஒரு பீஸ் நான் போட்டிருந்தால், இந்நேரம் அங்கே ஏதாவது ஒரு கைப்பிடியை இதே நேர்த்தியாகப் பற்றவைத்துக்கொண்டு இருந்திருப்பான். அமலோற்பவம் வாசலில் உட்கார்ந்திருப்பாள்.

டிசம்பர் 11, திங்கள்

அமலோற்பவம் கடைக்குப் போய்விட்டாள். அவள் நின்ற புடவைப் பிரிவில் இடம் இல்லையாம். மூன்றாவது மாடியில் போர்வை, ஜமுக்காளம். கட்டு கட்டாகத் தூக்க வேண்டும். லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும்தான். சம்பளம் புதிதாகச் சேர்ந்தவளுக்கு என்னவோ அதுதான்.

பதிமூன்று நாளாக என்னிடம் அந்தப் பேச்சையே எடுக்காதவள், இன்று காலை சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்: “அன்னிக்கு உங்க கையைப் பிடிச்சு, வேணாம் வேணாம்னு தலையை ஆட்டுனேனே. நீங்க பார்க்கவே இல்லையா?”

“பார்க்கலடி. போனைத்தான் பார்த்துட்டு இருந்தேன்” என்றேன். சரி என்று போய்விட்டாள். நம்பிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். இரண்டு தடவை ஆட்டினாள். எதற்கு ஆட்டுகிறாள் என்றும் எனக்குத் தெரியும். ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆன பிறகு ஒருத்தன் என் வேலையைக் கையில் எடுத்துப் பார்த்து இது யார் போட்டது என்று கேட்டான். நான் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.